சுவரிலிருந்து ஆரம்பிப்போம்: கேமிங் பிசி கேள்வி பதில்

கோடை விடுமுறை விட்டால் போதும், வரும் கடிதங்களில் பாதி கேமிங் பிசி பற்றித்தான். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கேட்டால் பதில் சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கரண்ட், அந்தக் கரண்டை பிசிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, ஃபேன் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, ஏதாவது புகைந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் தொடங்கி கரண்ட் போகிற வழியிலேயே நாமும் போவோம்.

கேள்வி: புது பிசி வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. செருப்பில்லாமல் தரையில் நின்று கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால் "எல்லா பிசியிலும் அப்படித்தான் இருக்கும், ரப்பர் மேட் போட்டுக்கோங்க" என்கிறார். உண்மையா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: பாதி உண்மை. எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உடம்புக்கு ஒரு துளி கரண்டைக் கசிய விடும். அந்தத் துளி எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும், மல்டிமீட்டரில் பார்த்தால் 100 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். பிறகு நீங்கள் வெறுங்காலோடு தொட்டால் நீங்களே எர்த் வயர். கசிவு மிகச் சிறியது என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே உண்மையாகவே ஒரு வயர் உடம்பில் பட்டுவிட்டால், அன்றைக்கும் போக வழி இருக்காது. ரப்பர் மேட் போடுவது, மழை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது மாதிரி.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 அல்லது அதற்குப் பக்கம் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, பத்து இருபது என்று காட்டினால் எங்கேயோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. நான் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் இதே கதைதான். சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், பச்சை வயர் அழகாகச் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது, எதிலும் இணைக்கவே இல்லை. மூன்று ஓட்டை இருந்தாலே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். வீட்டுக்கு வெளியே எர்த் குழி இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகிவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கம் ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிலர் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குப் போட்டு "சரியாயிடுச்சு" என்று போய்விடுவார்கள். மீட்டரும் நல்ல அளவே காட்டும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்ய வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, ஸ்பைக் பஸ்டர் வாங்கியிருந்தால் அதுவும் எர்த் இருந்தால்தான் முழு வேலை செய்யும். அதற்குள் இருக்கும் எம்ஓவி என்ற வில்லை, மிகை வோல்ட்டேஜ் வந்தால் அதை எர்த்துக்குத் திருப்பி விடுகிற சாதனம். திருப்பி விட எர்த்தே இல்லை என்றால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வருவதை மட்டும் ஏதோ தடுக்கும். மலிவான பெட்டிகளில் அந்த வில்லைகூட இருக்காது, சிவப்பு விளக்கும் ஃபியூஸும்தான்.

கேள்வி: ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060, 600 விஏ யுபிஎஸ். படம் பார்க்கும்போது கரண்ட் போனால் பிசி நிற்காமல் ஓடுகிறது. கேம் ஆடும்போது போனால் யுபிஎஸ் ஒரு கத்து கத்திவிட்டு எல்லாம் அணைந்துவிடுகிறது. யுபிஎஸ் வாங்கி இரண்டு வருஷம். பேட்டரி மாற்றவா, யுபிஎஸ்ஸையே மாற்றவா?
(சேலம்)

பதில்: பெட்டியில் பெரிதாக 600 என்று போட்டிருப்பார்கள். அது விஏ, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய கணக்கு. பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும், உங்களுக்கு வேண்டிய எண் அதுதான். இப்போது கணக்குப் பார்ப்போம். 4060 கிராபிக்ஸ் கார்டு அதிகபட்சம் 115 வாட் இழுக்கும். 12400எஃப் பிராசசர் முழு மூச்சில் 117 வாட் வரை போகும் என்றாலும் கேமில் அறுபது எண்பதோடு நிற்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40. ஆக 230 வாட். எஸ்எம்பிஎஸ் இதைக் கொடுக்க சுவரிலிருந்து 260, 265 இழுக்கும். மானிட்டருக்கு 30. மொத்தம் 300 வாட்டுக்குச் சற்றுக் கீழே. 360-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும்.

அடங்காது, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றே ஒன்று. 7 என்ற அந்த எண்ணும் 20 மணி நேரக் கணக்கில் சொல்வது, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் வரும். நீங்கள் 300 வாட் கேட்டால் அதிலிருந்து ஒரே நேரத்தில் கிட்டத்தட்ட 30 ஆம்பியர் உருவுகிறீர்கள். புது பேட்டரி சில நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். இரண்டு வருஷம் சேலம் வெயிலில் வெந்த பேட்டரியின் வோல்ட்டேஜ் அந்த இழுப்பில் உடனே சரிந்துவிடும், யுபிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். படம் பார்க்கும்போது நீங்கள் இழுப்பது 80 வாட்டுக்குப் பக்கம், அதனால்தான் பிழைக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சாதாரண யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது வளைந்து ஏறி இறங்கும் சைன் அலை இல்லை, படிக்கட்டு மாதிரியான அலை. இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் உண்டு. அது சைன் அலையை எதிர்பார்த்துச் செய்தது, படிக்கட்டு அலையில் சில ஜோடிகள் ஒத்துப்போகும், சில ஜோடிகள் கிர்ரென்று சத்தம் போட்டு நின்றுவிடும். கல்யாணப் பொருத்தம் மாதிரி, இரண்டு பக்கமும் நல்லவர்களாகவே இருப்பார்கள்.

என் பதில்: முதலில் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. அப்போதும் கேமில் நின்றால் 1000 அல்லது 1100 விஏ, ஸ்டிக்கரில் 600 வாட் அல்லது அதற்கு மேல் போட்டதாக வாங்குங்கள். காசு கூடினால் ப்யூர் சைன் வேவ். எது வாங்கினாலும் கரண்ட் போன பிறகு அரை மணி நேரம் ஆடலாம் என்ற கனவு வேண்டாம். சேவ் செய்து ஷட்டவுன் கொடுக்க மூன்று நிமிடம் கிடைத்தால் அதன் கடமை முடிந்தது. லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள், அது சூடாகும் ஒரு நொடியில் இழுக்கிற இழுப்புக்கு எந்த 600 விஏ பெட்டியும் படுத்துவிடும்.

கேள்வி: வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் இருக்கின்றன. மகன் தனியாக யுபிஎஸ் வேண்டும் என்கிறான். இருப்பதே போதாதா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: அம்மா, மூன்று விஷயம் பார்த்துவிட்டால் பெரும்பாலும் போதும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பின்னால் அல்லது பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் என்ற பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் பிரச்சினை. எஸ்எம்பிஎஸ் கரண்ட் நின்ற பிறகும் கிட்டத்தட்ட 16 மில்லி செகண்ட் வரை தம் பிடிக்க வேண்டும் என்பது பிசி எஸ்எம்பிஎஸ்களுக்கு இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் விதி. நம் கரண்ட்டின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதைவிட நிதானமாக மாறும், ஃபேனும் லைட்டும் கண்டுகொள்ளாது, பிசி அணைந்து எழும். யுபிஎஸ் மோடில் வேகமாக மாறும். ஆனால் அந்த மோடில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும், சாயங்காலம் டிம் அடிக்கிற தெருவாக இருந்தால் பேட்டரி சீக்கிரம் தேயும்.

மூன்றாவது, பையனின் அறையில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் இழுத்திருப்பார்கள். 900 விஏ என்றால் 700 வாட்டுக்குப் பக்கம் தரும். பிசிக்கு 300, பழைய சீலிங் ஃபேன் மூன்று ஓடினால் 225. 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியாக இருந்தால் இரண்டரை மணி நேரம் வந்தால் பெரிது. கரண்ட் போன நேரத்திலும் ஆடித்தான் ஆக வேண்டுமா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் வரவில்லை. கரண்ட் பில்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: தினம் 4 மணி நேரம் ஆடினால் இரண்டு மாதக் கணக்கில் 72 யூனிட். இலவசமாக வரும் 100 யூனிட்டில் முக்கால்வாசி அவனுக்கே.

கேள்வி: ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4070 போட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்யப் போகிறேன். கேபினெட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் சும்மா வருகிறது. 650 பிரான்ஸ், 750 கோல்டு என்றெல்லாம் நண்பர்கள் சொல்கிறார்கள். கோல்டு வாங்கினால் கரண்ட் பில் குறையுமாமே?
(சென்னை, வியாசர்பாடி)

பதில்: சும்மா வருவதைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் படியுங்கள். 3.3, 5, 12 என்று கட்டங்கள் இருக்கும். 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். இன்றைய பிசியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 45 ஆம்பியர் போட்டிருக்கும், 540 வாட். இலவசப் பெட்டிகளில் 18 ஆம்பியர் என்று பார்த்திருக்கிறேன், அது 216 வாட். மீதி வாட் எங்கே என்று கேட்டால் ஸ்டிக்கரில்தான். அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள். இது விஞ்ஞானம் இல்லை, ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், காயில், ஹீட்சிங்க் எல்லாம் முறையாக இருக்கும் பெட்டி கனக்கும்.

உங்கள் பிசிக்கு: 4070 கார்டுக்கு 200 வாட், 7600 பிராசசருக்கு உச்சத்தில் 88, மற்றதெல்லாம் 60. சுமார் 350. கார்டு செய்த என்விடியாவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது. 350-க்கு ஏன் 650? கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 200 இழுத்தாலும் மில்லி செகண்ட் கணக்கில் திடீரென்று அதைத் தாண்டித் தாவும். சின்ன எஸ்எம்பிஎஸ் அந்தத் தாவலைக் கோளாறு என்று நினைத்து அணைந்துவிடும், நீங்கள் கேம் கிராஷ் ஆகிறது என்று நினைத்து விண்டோஸை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்தத் தாவலை மனதில் வைத்துத்தான் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 விதி வந்தது. அது எழுதியிருக்கும் பெட்டியாகக் கிடைத்தால் எடுங்கள்.

பிரான்ஸா கோல்டா என்றால், 80 பிளஸ் முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது. பாதுகாப்பைப் பற்றியோ உழைப்பைப் பற்றியோ அது பேசுவதில்லை. உங்கள் பிசி கேமில் 250 வாட் இழுக்கிறது என்று வைத்தால், பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் வித்தியாசம் 12 வாட் அளவுக்குத்தான். தினம் 4 மணி நேரம், வருஷத்துக்கு 18 யூனிட்டுக்குள். அந்த மிச்சத்தில் ஒரு பிரியாணி வரலாம், எஸ்எம்பிஎஸ் விலை வராது. கோல்டு வாங்குவதற்கு வேறு நல்ல காரணம் உண்டு. அந்த வரிசையில் பெரும்பாலும் நல்ல கெப்பாசிட்டர் போடுவார்கள், ஏழு பத்து வருஷ வாரண்டி தருவார்கள். நான் என்றால் வாரண்டி வருஷத்தையும், எத்தனை டிகிரி சூட்டில் முழு வாட் தரும் என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்த்துத்தான் வாங்குவேன். 40 அல்லது 50 டிகிரி என்று எழுதியிருந்தால் மே மாத வியாசர்பாடிக்கு அது தோது. எழுதாமல் விட்டிருந்தால் ஏசி அறையில் அளந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். காசு இடித்தால் நல்ல வரிசை 650 பிரான்ஸ் தாராளமாகப் போதும்.

கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் ஒன்று மட்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இதில் சொருகாதீர்கள். முனை ஒன்றுபோல இருக்கும், கச்சிதமாகவும் உட்காரும், ஆனால் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. என் நண்பர் ஒருவர் சோம்பேறித்தனமாக ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பழைய சாட்டா கேபிளையே விட்டுவைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் டிக் என்று ஒரு சத்தம், பத்து வருஷக் குடும்பப் போட்டோ இருந்த ஹார்டு டிஸ்க் அதோடு சரி.

கேள்வி: எங்கள் தெருவில் விசைத்தறி அதிகம். சாயங்காலம் 170 வோல்ட்தான் வருகிறது. பிசிக்கு ஸ்டெபிலைசர் வைக்கலாமா?
(குமாரபாளையம்)

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸில் 100–240 என்று போட்டிருந்தால் வேண்டாம், 170-இல் அது பாட்டுக்கு ஓடும். 200–240 என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெபிலைசருக்குப் பதில் அந்தக் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது 170-க்கு இல்லை. தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300, 400 வோல்ட்கூட ஏறி வரும், அதில் ஸ்பைக் பஸ்டர் முதலில் கருகும், அடுத்தது எஸ்எம்பிஎஸ். மெயின் போர்டில் எம்சிபிக்கு (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) பக்கத்தில் ஓவர் வோல்ட்டேஜ் கட் ஆஃப் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து பிழைக்கும்.

கேள்வி: கண்ணாடி கேபினெட், கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி ஃபேன் ஆறு. பக்கவாட்டில் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. ஆனாலும் கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரி. இன்னும் மூன்று ஃபேன் போட இடமிருக்கிறது. போடவா?
(தூத்துக்குடி)

பதில்: பொறுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, பிசியை ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபேனுக்கும் வெளியே ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபடுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா? உங்களுடைய ஆறும் வெளியேதான் தள்ளும் என்று பந்தயம் கட்டுகிறேன். சாதாரண ஃபேனில் அழகான முகம் காற்றை இழுக்கும் பக்கம், குறுக்குச் சட்டம் தெரிகிற முதுகு காற்றைத் தள்ளும் பக்கம். உங்களுடையது மாதிரி மீன்தொட்டிபோல் இருக்கும் கண்ணாடி கேபினெட்டில் பக்கவாட்டு ஃபேனின் முகம் கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டும் என்று உள்நோக்கி மாட்டிவிடுவார்கள். முகம் உள்ளே என்றால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே விடுகிறது என்று அர்த்தம். ஆறு ஃபேனும் வெளியேற்றினால் குளிர்ந்த காற்று எந்த வழியாக வரும்? இடுக்கு வழியாகத் தூசியோடு வரும். பக்கவாட்டு மூன்றையும் திருப்பி மாட்டுங்கள். முதுகு தெரிந்தால் அசிங்கம் என்றால், இறக்கை எதிர்த்திசையில் வளைந்த ரிவர்ஸ் ஃபேன் என்றே விற்கிறார்கள். மூன்று உள்ளே, மூன்று வெளியே. அல்லது மேலே இருப்பதில் ஒன்றைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது, உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஃபில்டர் வழியாக மட்டுமே காற்று வரும். உப்பளக் காற்று அடிக்கிற ஊரில் அந்த ஃபில்டருக்கு மதிப்பு அதிகம். மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

திருப்பிய பிறகும் சூடு குறையவில்லை என்றால் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். எட்டு பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குற்றவாளி. இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் கார்டிலேயே தூசி அடைத்திருக்கிறது, அல்லது சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்த நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும். அறைச் சூட்டையும் கழித்துப் பாருங்கள். அறை 35 டிகிரி என்றால் எத்தனை ஃபேன் போட்டாலும் உள்ளே வருவது 35 டிகிரி காற்றுதான். இதே பிசியைக் கொடைக்கானலில் 18 டிகிரியில் வைத்தால் ஒரு ஃபேனும் மாற்றாமலே கார்டு எழுபதுக்குக் கீழே நிற்கும்.

கேள்வி: இடி இடிக்கும்போது யுபிஎஸ் காப்பாற்றாதா?
(மயிலாடுதுறை)

பதில்: பக்கத்தில் விழுந்தால் எதுவும் காப்பாற்றாது. பிளக்கை உருவிவிடுங்கள், லேன் கேபிளையும் சேர்த்து. இன்டர்நெட் ஃபைபரில்தான் வருகிறது, அது கண்ணாடி இழைதானே என்பார்கள், சரிதான், ஆனால் அந்த ஃபைபர் பெட்டியின் அடாப்டர் சுவரில்தான் சொருகியிருக்கிறது, அங்கிருந்து பிசிக்கு வருவது செம்புக் கம்பி.

கேள்வி: இரவு "பட்" என்று சத்தம், எம்சிபி விழுந்தது. கடையில் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் உள்ளே கருகிய பல்லி! வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் நானே மாதம் ஒருமுறை திறந்து பார்த்துச் சுத்தம் செய்துகொள்ளலாமா?
(நாகர்கோவில்)

பதில்: கூடவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது, ஓடும்போது அதில் 380, 400 வோல்ட் நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்பிக் கையை விட முடியாது. வெளியிலிருந்து புளோயர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பல்லி வரும் வழியை அடையுங்கள். கேபினெட்டின் பின்னால் கார்டு மாட்டாத ஸ்லாட்டுகளின் தகடுகளைக் கழற்றி எறிந்திருப்பீர்கள், பெரும்பாலும் அந்த ஓட்டைதான் வாசல். தகடு இல்லையென்றால் கொசுவலையை வெட்டி ஒட்டுங்கள், ஆனால் எஸ்எம்பிஎஸ் காற்று வெளியேறும் பக்கத்தில் ஒட்டாதீர்கள். கீழ்ப்பக்க ஃபில்டர் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், ராத்திரி அந்த ஆர்ஜிபி விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் பல்லி வரும். ஷட்டவுன் கொடுத்த பிறகும் சில மதர்போர்டுகளில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.